முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த குழந்தையைத் தத்தெடுக்க யோசனை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

நொய்யல்:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 38, மனைவிக்கு 35. காரா (மத்தியத் தத்தெடுப்பு அமைப்பு) தளத்தில் பதிவு செய்தபோதே சிறப்புத் தேவை உள்ள குழந்தை என்றாலும் சம்மதம் என்று குறிப்பிட்டிருந்தோம். வீட்டு ஆய்வு முடிந்துவிட்டது. இப்போது ஒரு பெண் குழந்தையின் விவரத்தைப் பார்த்து வைத்திருக்கிறோம். [ஊர், நிறுவனத்தின் பெயர், பிறந்த மாதம் நீக்கப்பட்டன – நெறியாளர்]

மருத்துவ அறிக்கையில் இருப்பது இவ்வளவுதான்: இடுப்புப் பகுதியில் மைலோமெனிங்கோசீல் (முதுகுத்தண்டுப் பிளவு வழியாகத் தண்டுவடம் வெளியே துருத்தியிருப்பது), அறுவை சிகிச்சை முடிந்தது. வி.பி. ஷன்ட் (மூளை நீரை வடிக்கும் குழாய்) உள்ளது. இரண்டு பாதமும் வளைவு, மாவுக்கட்டு போடப்பட்டது. நியூரோஜெனிக் பிளாடர் (நரம்புக் கோளாறால் சரியாகக் காலியாகாத சிறுநீர்ப்பை), சி.ஐ.சி. (டியூப் விட்டுச் சிறுநீர் எடுப்பது) நடக்கிறது.

கூகுளில் தேடினால் பாதிப் பக்கங்கள் பயமுறுத்துகின்றன. மீதிப் பக்கங்கள் டாட்டியானா மெக்ஃபாடன் கதையைச் சொல்கின்றன. ரஷ்யாவில் இதே குறையோடு பிறந்து, ஆறு வயதுவரை அநாதை இல்லத்தில் கைகளால் நடந்து, அமெரிக்காவில் தத்துப் போய், 2013-ல் பாஸ்டன், லண்டன், சிகாகோ, நியூயார்க் நான்கு மாரத்தானிலும் சக்கர நாற்காலிப் பிரிவில் ஜெயித்தவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது நாளைக் காலையில் எழுந்தால் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பது. எங்கள் டாக்டர் "யோசிச்சுச் செய்யுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

நெறியாளர்:

நொய்யல், உங்கள் பதிவில் சிலவற்றை நீக்கியிருக்கிறேன். சிறார் நீதிச் சட்டம் பிரிவு 74-ன்படி பராமரிப்பில் உள்ள குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக்கூடாது. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருக்கிறது. நோயைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், குழந்தையைப் பற்றி வேண்டாம். படம் கேட்டுத் தனிச்செய்தி அனுப்புகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

வார்டு_அக்கா:

குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் ரொம்ப நாள் செவிலியாக இருந்தவள். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள் தம்பி.

"இடுப்புப் பகுதி" என்று எழுதினால் போதாது. தண்டுவடத்தில் எந்த மட்டம் என்பதுதான் கேள்வி. எல் என்பது இடுப்புப் பகுதி, எண் கூடக்கூடக் கீழே. எல்2 என்றால் பெரும்பாலும் சக்கர நாற்காலி. எல்4, எல்5 என்றால் கால்தாங்கியோடு நடக்க நல்ல வாய்ப்பு. அதற்கும் கீழே என்றால் இன்னும் நல்லது. மட்டம் எழுதவில்லையா, சரி, ஒரு வீடியோ கேளுங்கள். குழந்தையை மேசை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு பொம்மையை ஆட்டினால் உற்சாகத்தில் காலை உதைக்கும். முழங்கால் நீள்கிறதா என்று பாருங்கள். தொடைத் தசையில் வலு இருந்தால் நடைக்கு நம்பிக்கை வைக்கலாம். அறிக்கை முழுவதையும்விட அந்த அரை நிமிடம் அதிகம் சொல்லும்.

அடுத்தது ஷன்ட். மூளையில் கோர்க்கும் நீரை வயிற்றுக்கு இறக்கும் மெல்லிய குழாய் அது. காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் வால்வு கைக்குத் தட்டுப்படும், கழுத்து வழியாகக் குழாய் ஒரு கயிறு மாதிரி தெரியும். வேலை செய்யும்வரை அது இருப்பதே மறந்துபோகும். அடைத்துக்கொண்டால் விடாத வாந்தி, தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், கண் கீழ்நோக்கிச் செருகுவது. குழந்தைகளுக்குப் போடும் ஷன்ட்டில் ஏறக்குறைய பாதி, இரண்டு வருடத்துக்குள் ஒருமுறையாவது கோளாறு செய்யும் என்பார்கள். அதனால் எப்போது போட்டது, இதற்குள் மாற்றியிருக்கிறார்களா, கடைசி ஸ்கேன் எப்போது என்று தேதியோடு கேளுங்கள். உங்கள் ஊரிலிருந்து நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ராத்திரி ஒரு மணிக்கு எவ்வளவு நேரத்தில் போகலாம் என்பதையும் இப்போதே பார்த்துவையுங்கள்.

எல்லாரும் காலையும் தலையையும் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது சிறுநீரகத்துக்கு. சிறுநீர்ப்பைக்கு நரம்பு சரியாக இல்லாததால் அது தானாக முழுசாகக் காலியாகாது. உள்ளே அழுத்தம் ஏறினால் சிறுநீர் மேலே திரும்பிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், குழந்தை வெளியே சிரித்து விளையாடிக்கொண்டே இருக்கும். அதற்குத்தான் சி.ஐ.சி. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய டியூபை விட்டுச் சிறுநீரை வடித்துவிட்டு, டியூபை எடுத்துவிடுவது. 1972-ல் லாபிடெஸ் என்ற அமெரிக்க டாக்டர், இதற்கு ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும் என்று காட்டினார். அதற்குமுன் இந்தக் குழந்தைகளில் நிறையப் பேர் சிறுநீரகம் போய்த்தான் இறந்தார்கள். வயிற்று அல்ட்ராசவுண்ட், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), யூரோடைனமிக்ஸ் (சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் சோதனை) மூன்றும் எடுத்திருக்கிறார்களா? எடுக்கவில்லை என்றால் முடிவு சொல்லும் முன் எடுக்கச் சொல்லுங்கள்.

பாதத்துக்குக் கவலைப்படாதீர்கள். பொன்செட்டி முறை மாவுக்கட்டு நன்றாக வேலை செய்யும். இந்தக் குழந்தைகளுக்கு வளைவு திரும்ப வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், மற்றபடி அது சின்னத் தலைவலி.

கொங்குப்_பெரியவர்:

தம்பி, வயசில் மூத்தவன் என்பதால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நல்ல மனசு இருக்கிறது, சரி. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் என்றால் கல்யாணம் காட்சிக்குப் போக முடியுமா? அம்மணி வேலைக்குப் போக முடியுமா? உங்கள் காலத்துக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்? அந்தக் காலத்தில் பங்காளி பிள்ளையைத் தத்து எடுத்தார்கள், ஒரு ஆதரவுக்கு. நீங்கள் ஆதரவு தேவைப்படுகிற பிள்ளையாகத் தேடி எடுக்கிறீர்கள். இதைக் கேட்க ஒருத்தனாவது வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஊன்றுகோல்:

ஐயா, நீங்கள் கேட்டது தப்பில்லை. பதில் சொல்ல நான் சரியான ஆள், ஏனென்றால் அந்தக் குழந்தை வளர்ந்தால் கிட்டத்தட்ட என்னைப் போலத்தான் இருக்கும். எனக்கும் பிறவியிலேயே முதுகில் இதே பிளவு. ஷன்ட் உண்டு. இரண்டு ஊன்றுகோலோடு நடக்கிறேன். வங்கியில் வேலை. தத்துப் பிள்ளை இல்லை, பெற்ற அம்மாதான் வளர்த்தார்.

கல்யாணத்துக்குப் போகிறேன். பந்தியில் உட்காரும் முன் கைப்பையை எடுத்துக்கொண்டு பாத்ரூம் போய் வருகிறேன், அவ்வளவுதான். பையில் டியூப், சின்ன சோப்பு, ஈரத்துணி. சின்ன வயதில் அம்மா ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, நானே டியூப் போடக் கற்றுக்கொடுத்தார். இரண்டாம் வகுப்பு என்று ஞாபகம். ஒரு மாதம் அழுதேன், அப்புறம் பழகிவிட்டது. இப்போது கண்ணாடி வேண்டாம், இருட்டிலும் போடுவேன். என் காலத்துக்குப் பிறகு யார் என்று இப்போது யோசிக்கும் வயதில் இருப்பது என் அம்மாதான். அவரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

நொய்யல் அண்ணா, உங்களுக்கு இரண்டு விஷயம். மெடல் வாங்கியவர்கள் கதையைத் தயவுசெய்து அந்தக் குழந்தையின் தலையில் ஏற்றாதீர்கள். எனக்குக் கணக்கு வராது, ஒரே இடத்தில் கவனம் நிற்காது. ஷன்ட் வைத்த பலருக்கு இது உண்டு, முட்டாள் என்று அர்த்தமில்லை. வீட்டில் "சாதிக்க வேண்டும்" என்று சொல்லிச் சொல்லியே என்னைச் சோர்வாக்கினார்கள்.

இன்னொன்று, "புண்ணியம்". உங்களிடம் ஆயிரம் பேர் வந்து "பெரிய புண்ணியம் பண்ணியிருக்கீங்க" என்பார்கள். குழந்தை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். தன்னை வைத்துத்தான் அந்தப் புண்ணியம் என்று அதற்குப் புரிய ரொம்ப நாள் ஆகாது. வாசலிலேயே நிறுத்திவிடுங்கள், சொல்வது உங்கள் மாமியாராக இருந்தாலும் சரி.

காத்திருப்போர்_வரிசை:

ஒரு சந்தேகம். யாரும் சொல்லத் தயங்குவதை நான் கேட்டுவிடுகிறேன். சாதாரண வரிசையில் மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. சிறப்புத் தேவை என்று போட்டால் சீக்கிரம் கிடைக்கும், உதட்டுப் பிளவு மாதிரி சின்ன விஷயமாக வந்தால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று நினைத்து அதில் போடுகிறவர்கள் உண்டு. நாங்களும் அப்படி யோசித்தோம். தப்பா?

வைகைக்கரை_அம்மா:

தப்பில்லை. உதட்டுப் பிளவு வரை முடியும், அதற்கு மேல் முடியாது என்று தெளிவாகத் தெரிந்தால் அதைச் சமூகப் பணியாளரிடம் அப்படியே சொல்லுங்கள். அவர்களுக்கு அதுதான் வேண்டும். எதுவானாலும் சரி என்று சொல்லிவிட்டு, கூட்டிப்போன பிறகு முடியவில்லை என்பதுதான் கொடுமை. நாங்கள் போயிருந்த இல்லத்தில் அப்படித் திரும்பி வந்த ஒரு பாப்பா இருந்தாள். யார் வந்தாலும் போய்த் தன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நிற்பாள். முன்கூட்டியே சொல்லும் "வேண்டாம்" பத்து மடங்கு மேல்.

எங்கள் மகன் ஆசனவாய் இல்லாமல் பிறந்தவன். அறிக்கையில் "ஏனல் அட்ரீசியா, கொலாஸ்டமி" என்று ஒற்றை வரி. கொலாஸ்டமி என்றால் மலம் போக வயிற்றில் போடும் ஓட்டை. அதைக் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டியபோது அவர் முதலில் கேட்டது, "இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம், உணவுக்குழாய் எல்லாம் பார்த்தார்களா?" என்று. இந்தக் குறை தனியாக வருவது உண்டு, கூட்டமாக வருவதும் உண்டாம். மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்தால் வேக்டெரல் என்று பெயர். இல்லத்தில் கேட்டு எக்கோவும் ஸ்கேனும் எடுத்தபோது இதயத்தில் சின்ன ஓட்டை, ஒரே ஒரு சிறுநீரகம் என்று தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி நானும் அவரும் சாப்பிடவில்லை. ஆனால் தெரிந்துகொண்டுதான் சரி என்றோம். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப எல்லாரிடமும் சொல்வது: அறிக்கையில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் இருப்பதைக் கேளுங்கள். இல்லத்தில் இருப்பவர்கள் மறைப்பதில்லை, அந்த ஸ்கேனை யாரும் எடுக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வந்த புதிதில் வயிற்றில் பை. அரிசிக் கஞ்சித் தண்ணீர் மாதிரி போனால் பை விளிம்பு ஊறிக் கழன்று, சுற்றித் தோல் வெந்துபோகும். துத்தநாகக் களிம்பு தடவி, காயவைத்து, ஓட்டை அளவுக்கு அட்டையைக் கத்தரித்து ஒட்ட என் கணவர்தான் என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டார். அப்புறம் கீழே வழி உண்டாக்கும் ஆபரேஷன், அப்புறம் வயிற்று ஓட்டையை மூடும் ஆபரேஷன். அதோடு முடிந்தது என்று நினைக்கக்கூடாது. வழி இருந்தாலும் அடக்கும் தசை பலருக்குச் சரியாக இருக்காது. தினமும் சாயங்காலம் எனிமா கொடுத்துக் குடலைக் காலி செய்கிறோம், மறுநாள் பள்ளியில் நிம்மதியாக இருக்கிறான். முக்கால் மணி நேரம் ஆகும். அவனுக்கு அது காமிக்ஸ் படிக்கும் நேரம்.

பெரியவர் கேட்ட வேலை விஷயம்: நான் வேலைக்குப் போகிறேன். ஆனால் என் மேலாளருக்கும், பள்ளியில் ஒரு ஆயாம்மாவுக்கும் விஷயம் தெரியும். அந்த ஆயாம்மா இல்லாவிட்டால் பாதி நாள் நான் வீட்டில்தான். பள்ளி தேடும்போது மார்க்கைப் பார்க்காதீர்கள், கழிவறையில் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். முதலில் சேர்த்த பள்ளியில் அது இல்லை, பெயரெல்லாம் வேண்டாம், மாற்றிவிட்டோம்.

சட்டம்_சரவணன்:

நடைமுறை கேட்டுச் சிலர் தனியாக எழுதியிருந்தார்கள், மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 தத்தெடுப்பு விதிமுறைகள்தான் இப்போது நடப்பில் உள்ளன. குழந்தையின் அறிக்கையை நீங்கள் விரும்பும் டாக்டரிடம் காட்டிக் கருத்துக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கூச்சப்படவே வேண்டாம். சம்மதித்தால் முதலில் தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு என்ற பெயரில் குழந்தை வீட்டுக்கு வந்துவிடும். தத்து ஆணை பிறப்பிப்பது இப்போது நீதிமன்றம் இல்லை, மாவட்ட ஆட்சியர். சிறார் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தம் 2022 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்ததிலிருந்து அப்படித்தான். அப்புறம் இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் சிறப்புத் தேவை உள்ள குழந்தையைத் தத்தெடுக்க வழி உண்டு.

நம் ஊரில் கேட்க ஆள் இல்லாததால் இந்தக் குழந்தைகளில் நிறையப் பேர் அமெரிக்கா, இத்தாலி, ஸ்பெயின் என்று போகிறார்கள். சட்டமே பிரிவு 59-ல் வெளிநாட்டுத் தத்துக்கு மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு முன்னுரிமை கொடுக்கலாம் என்கிறது. குறையாகச் சொல்லவில்லை. அங்கே போவது சில குழந்தைகளுக்கு நல்லதுதான்.

பண விஷயம். தனியாக எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில் பிறவிக் குறை என்றாலே இழுப்பார்கள், முக்கியமாக வெளியே தெரியும் குறைகளுக்கு. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு 2024-லிருந்து அதிகபட்சம் மூன்று வருடம். அலுவலகக் குழுக் காப்பீடு இருந்தால் அதுதான் முதல் நாளிலிருந்து கை கொடுக்கும், ஆவணத்தை முழுசாகப் படித்துப் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை உடனே போட்டுவிடுங்கள். பழைய வருமான வரி முறையில் மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கான கழிவு 75,000 ரூபாய், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. அட்டையில் 40 சதவீதம் இருந்தால் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமையும் உண்டு.

இன்னொன்று. "ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை இருக்கிறது, நேரே வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். அது தத்து இல்லை, குற்றம்.

கொங்குப்_பெரியவர்:

ஊன்றுகோல் அம்மணி எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். என் கேள்வி இன்னும் முழுசாகப் போகவில்லை. எல்லாரும் வங்கி வேலைக்குப் போய்விட மாட்டார்கள் இல்லையா? ஆனால் பெற்ற பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது என்பதும் உண்மைதான். எனக்கு இரண்டு பேர், இரண்டு பேரும் வெளிநாட்டில்.

ஊன்றுகோல்:

சரிதான் ஐயா, எல்லாரும் போக மாட்டார்கள். என்னோடு சிகிச்சைக்கு வந்தவர்களில் படுக்கையோடு இருப்பவர்களும் உண்டு, இல்லாமல் போனவர்களும் உண்டு. அதையும் சேர்த்துத்தான் நொய்யல் அண்ணா முடிவெடுக்க வேண்டும். நல்லபடியாக நடந்த கதையை மட்டும் வைத்து எடுக்கும் முடிவு நிற்காது.

நொய்யல்:

எல்லாருக்கும் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வார்டு_அக்கா சொன்ன வீடியோவைக் கேட்டோம், அனுப்பினார்கள். இரண்டு முழங்காலும் நீள்கிறது, இடது கொஞ்சம் மெதுவாக. ஸ்கேன் சி.டி.யையும் வாங்கிக் கோவையில் ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டினோம். எல்4 என்கிறார். ஷன்ட் இதுவரை மாற்றியதில்லை. யூரோடைனமிக்ஸ் எடுக்கவே இல்லை. அது வரும்வரை முடிவு சொல்லப் போவதில்லை, இல்லத்திலும் அதையே சொல்லிவிட்டோம்.

நேர்மையாகச் சொன்னால், காலைப் பற்றிய பயம் எனக்குப் போய்விட்டது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் எங்களால் முடியுமா என்று தெரியவில்லை. மனைவி முடியும் என்கிறார். இரண்டு பேரும் ஒரே பதில் சொல்லும்வரை காத்திருப்பது என்று பேசியிருக்கிறோம். அதற்குள் வேறு யாராவது அவளை எடுத்துக்கொண்டால், சரி, அவளுக்கு வீடு கிடைத்தது.

இப்போது வீட்டில் ஒரு சில்லறைப் பஞ்சாயத்து. அம்மா சம்மதித்துவிட்டார், ஆனால் பிள்ளை வந்ததும் பழனியில் மொட்டை அடித்துக் காது குத்த வேண்டும் என்கிறார். தலையில் ஷன்ட் இருக்கும்போது மொட்டை அடிக்கலாமா? டாக்டரிடம் கேட்க விட்டுப்போயிற்று.

வார்டு_அக்கா:

யூரோடைனமிக்ஸ் வரும்வரை பொறுப்பது சரி தம்பி. கெட்டுப்போயிருந்தாலும் எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாத்திரையிலும் டியூபிலும் நிற்கிற அளவா, அதற்கு மேலா என்று சிறுநீரக டாக்டரிடமே கேளுங்கள்.

காது தாராளமாகக் குத்தலாம். மொட்டைக்கு, தழும்பு நன்றாக ஆறியிருந்தால் தடையில்லை, ஆனால் சவரக்கத்தி வேண்டாம். வால்வு மேலே தோல் மெலிசு, கத்தி பட்டுக் கீறினால் கிருமி நேரே குழாய்க்குப் போகும். ட்ரிம்மர் வைத்து ஒட்ட வெட்டச் சொல்லுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். போகும் முன் உங்கள் நிபுணரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எந்த வால்வு என்றும் கேளுங்கள். நம் ஊரில் நிறையப் பேருக்குப் போடுவது ஷாஜகான்பூரில் தயாராகும் சாப்ரா ஷன்ட். அதை வெளியிலிருந்து மாற்றியமைக்க முடியாது, காந்தத்துக்குப் பயப்பட வேண்டாம். வெளியிலிருந்து அளவு மாற்றும் வகை என்றால் காந்தப் பொம்மைகளைத் தலைப்பக்கம் விடாதீர்கள், எம்.ஆர்.ஐ. எடுத்தால் வால்வு அளவைத் திரும்பச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

முக்கியமானதை விட்டுவிட்டேனே. முதுகுத்தண்டுப் பிளவு உள்ள குழந்தைகளுக்கு ரப்பர் லேடெக்ஸ் ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம், சிலருக்கு மூச்சே அடைக்கும். வரவேற்புக்கு வீடு நிறைய பலூன் கட்டுவார்கள் பாருங்கள், அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காகிதத் தோரணம் கட்டுங்கள். டியூபும் லேடெக்ஸ் இல்லாததாக, பிளாஸ்டிக் நெலட்டான் கத்தீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் எந்த வார்டில் சேர்த்தாலும் கையுறை போடும் முன் இதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான், கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதவும் வையுங்கள்.